தேசிய நீர்ப்பாசனக் கொள்கைக்கான தொழினுட்ப உதவியைத் திட்டமிடுதல்: முழுமையான வழிகாட்டி

அமைச்சொன்றின் திட்டமிடல் பிரிவில் புதிதாகச் சேர்ந்த உத்தியோகத்தர், கொடையாளர் நிறுவனமொன்றின் கொழும்பு அலுவலகத்தில் பணியாற்றும் அலுவலர், முதன்முறையாகக் கொள்கைப் பணியொன்றுக்கு அழைக்கப்படும் பொறியியலாளர் ஆகிய மூவரையும் மனதில் வைத்து இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. தொழினுட்ப உதவி என்பது இங்கே, கொடையாளரின் பணத்தில் வரும் ஆலோசகர்களைக் கொண்டு அமைச்சு கொள்கையொன்றை வகுக்கும் பணி. மூவரும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். ஆலோசகருக்கான பணி வரையறையை (அவர் என்ன செய்து, எதை ஒப்படைக்க வேண்டும் என்று கூறும் ஆவணத்தை) முதலில் எழுதிவிட்டு, அந்த ஆலோசகரின் அறிக்கையைக் கொண்டு யார் என்ன முடிவெடுக்கப் போகிறார்கள் என்பதைப் பிறகு தேடுகிறார்கள். கீழுள்ள படிகள் முடிவிலிருந்து பின்னோக்கி வருகின்றன. வரிசையை மாற்றினால் வேலை நடக்காது என்பதில்லை. நடக்கும், அறிக்கையும் வரும், ஆனால் கொள்கை வராது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, அமைச்சின் செயலாளர் கையொப்பமிட்ட ஒரு கடிதம். கொள்கை வேண்டும் என்று கூட்டமொன்றில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டதை வைத்துத் திட்டமிடத் தொடங்க வேண்டாம். இலங்கையில் அமைச்சுக்களின் எல்லைகள் அடிக்கடி மாறுகின்றன. நீர்ப்பாசனம் சில காலம் தனி அமைச்சாகவும் சில காலம் விவசாயம், காணி, மகாவலி ஆகியவற்றுடன் சேர்ந்தும் இருந்திருக்கிறது. வாய்மொழி ஒப்புதல் அடுத்த வர்த்தமானி வரைதான் உயிரோடிருக்கும்.

இரண்டாவது, சட்டங்களின் இற்றைப்படுத்தப்பட்ட பிரதிகள்: 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், 1979ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க மகாவலி அதிகார சபைச் சட்டம், 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், மத்திக்கும் மாகாணங்களுக்கும் இடையே அதிகாரங்களைப் பிரிக்கும், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு வந்த ஒன்பதாம் அட்டவணை. சுருக்கங்களை நம்பாமல் மூலத்தையே வாசிக்க வேண்டும். மூன்றாவது, முந்தைய கொள்கை வரைவுகளும் அவற்றின் மீது எழுந்த ஆட்சேபங்களும். வரைவுகள் எளிதில் கிடைத்துவிடும். ஆட்சேபங்களைத் தேடித்தான் எடுக்க வேண்டும்.

2. அமைச்சரவை எடுக்க வேண்டிய முடிவை எழுதுதல்

ஒரு வெள்ளைத்தாளில், இந்தக் கொள்கை நிறைவேறினால் அமைச்சரவை எந்தெந்த விடயங்களில் முடிவெடுத்திருக்கும் என்பதை ஐந்தாறு வாக்கியங்களில் எழுதுங்கள். “நீர்ப்பாசனத் துறையின் நிலைபேறான அபிவிருத்தி” என்பது முடிவல்ல. “வறட்சிப் பருவமொன்றில் குடிநீர், பாசனம், மின்னுற்பத்தி ஆகியவற்றுக்கிடையே நீரை ஒதுக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த ஒழுங்கில்” என்பது முடிவு. “வாய்க்கால் பராமரிப்புச் செலவில் அரசு எவ்வளவு ஏற்கும், கமக்காரர் அமைப்பு எவ்வளவு ஏற்கும்” என்பதும் முடிவுதான்.

இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு. இந்த வாக்கியங்கள்தான் என்ன ஆய்வு வேண்டும், எந்த நிபுணர் வேண்டும், யாருடன் பேச வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இவை இல்லாதபோது ஆலோசகர் தனக்குத் தெரிந்த விடயத்தை ஆய்வு செய்வார். நீரியல் நிபுணர் வந்தால் நீரியல் அறிக்கையும், பொருளியலாளர் வந்தால் நீர்க்கட்டண அறிக்கையும் கிடைக்கும்.

எழுதியவற்றை ஒரு கேள்வியால் சோதியுங்கள்: இதைத் திணைக்களப் பணிப்பாளர் நாயகம் ஒரு சுற்றறிக்கையால் செய்துவிட முடியுமா? முடியுமென்றால் அது கொள்கைக்குரியதல்ல, பட்டியலிலிருந்து நீக்குங்கள். பாராளுமன்றத்தில் சட்டத்திருத்தம் இன்றி முடியாது என்றால், அதைத் தனியே குறித்து வையுங்கள், ஏனெனில் அதற்கு வேறு காலமும் வேறு நிபுணரும் தேவைப்படும். இரண்டுக்கும் நடுவில் எஞ்சுவதே இந்தப் பணியின் உடல்.

2023ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில் (வறண்ட பருவச் செய்கையில்) உடவளவை விவசாயிகள் நீரின்றிப் போராட, மின்னுற்பத்திக்காகச் சமனலவெவ நீர்த்தேக்கத்தில் வைத்திருந்த நீரைத் திறப்பதா என்ற கேள்வி அமைச்சரவை வரை சென்று, அங்கேதான் தீர்ந்தது. பயிர் வாடிக்கொண்டிருக்கும்போது அமைச்சரவை கூடித் தீர்மானிக்க வேண்டிய நிலை வந்ததென்றால், அதற்கான விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கவில்லை என்று பொருள். இத்தகைய சம்பவங்களைத் தேடி எடுத்தால் உங்கள் ஐந்தாறு வாக்கியங்களும் தாமாகவே கிடைத்துவிடும்.

3. மூன்று குளங்களை வைத்து அதிகாரத்தை வரைதல்

புதியவர்கள் நிறுவனங்களின் பெயர்களைக் கட்டங்களில் போட்டு அம்புக்குறிகளால் இணைத்து ஒரு வரைபடம் தயாரிப்பார்கள். அதிலிருந்து எதுவும் தெரியவராது. அதற்குப் பதிலாக, உண்மையான மூன்று குளங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் வாய்க்காலுக்கு நீர் விடும் துருசைத் திறக்கும் உத்தரவு யாரிடமிருந்து வருகிறது என்று பின்தொடர்ந்து செல்லுங்கள்.

இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். கனகராயன் ஆறு வடமாகாணத்துக்குள்ளேயே ஓடிக் கடலில் சேர்வதால், குளம் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கீழ் வருகிறது. மன்னாரின் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் தரும் அருவி ஆறு வடமத்திய மாகாணத்தில் மல்வத்து ஓயாவாகத் தொடங்கித் தேக்கம் அணைக்கட்டு வரை வருகிறது. மாகாண எல்லையைத் தாண்டும் ஆறாகையால் அது மத்திய திணைக்களத்தின் பொறுப்பு. மூன்றாவதாக, 200 ஏக்கருக்குக் குறைந்த வயலுக்கு நீர் தரும் ஏதாவது ஒரு சிறுகுளம். அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடம் இருக்கும். மகாவலி வலயமொன்றில் உள்ள குளத்தை எடுத்தால் மகாவலி அதிகார சபை என்ற நான்காவது அதிகாரமும் தோன்றும்.

மூன்று குளங்களுக்கும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்: பராமரிப்புப் பணம் எந்தச் செலவினத் தலைப்பிலிருந்து வருகிறது, பருவத்துக்கான விதைப்புப் பரப்பை யார் தீர்மானிக்கிறார், அத்துமீறிக் குளத்தின் நீரேந்து பகுதியில் பயிர் செய்தவர்மீது வழக்குத் தொடுப்பவர் யார், நிலத்தடி நீருக்குக் குழாய்க்கிணறு தோண்ட அனுமதி தருபவர் யார். விடைகள் வேறுபடும் இடங்களில்தான் கொள்கைக்கு வேலை இருக்கிறது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கத்தைத் தவறவிடக்கூடாது. மாகாணங்களுக்கிடையே ஓடும் ஆறுகள் சார்ந்தவை தவிர்ந்த நீர்ப்பாசன வேலைகள் மாகாண சபைப் பட்டியலில் உள்ளன. அதேவேளை, எல்லா விடயங்கள் மீதுமான தேசியக் கொள்கை மத்திக்கு ஒதுக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறது. ஆகவே கொழும்பு கொள்கையை வகுக்கலாம். அதை நடைமுறைப்படுத்தும் கைகளில் பல மாகாணத்தில் உள்ளன. கொள்கையிலிருந்து சட்டம் பிறக்க வேண்டுமானால், மாகாண சபைப் பட்டியலைத் தொடும் சட்டமூலம் 154எ உறுப்புரையின் 3ஆம் பந்தியின்படி மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்பப்பட வேண்டும். இதை அறியாமல் வகுக்கப்பட்ட கால அட்டவணை சட்டமா அதிபர் திணைக்களத்தின் முதற் கடிதத்தோடு குலைந்துவிடும்.

4. முந்தைய முயற்சிகள் விட்டுச்சென்ற நினைவை அளத்தல்

நீர் விடயத்தில் இலங்கை விவசாயிக்கு நினைவாற்றல் அதிகம். 1984இல் பராமரிப்புக்கெனக் கட்டணம் அறவிடும் முறை தொடங்கப்பட்டு, சில ஆண்டுகளில் வசூல் விழுந்துபோனது. 1988 இறுதியில் அமைச்சரவை, விவசாயிகளும் பொறுப்பில் பங்கெடுக்கும் பங்கேற்பு நீர்ப்பாசன முகாமைத்துவத்தைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டதன் பின்னணியில் இந்த அனுபவமும் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமைச்சரவை அங்கீகரித்த தேசிய நீர்வளக் கொள்கை, நீர் உரிமங்களைக் கைமாற்றுவதற்கு இடமளிக்கிறது, நீர் விற்பனைப் பொருளாகப் போகிறது என்ற எதிர்ப்பைச் சந்தித்து நடைமுறைக்கு வராமலே போயிற்று. அதற்கும் வெளிநாட்டுத் தொழினுட்ப உதவி இருந்தது என்பதைத் திட்டமிடுபவர் மறக்கக்கூடாது.

இவற்றைப் படிப்பது வரலாற்று ஆர்வத்துக்காக அல்ல. உங்கள் இரண்டாம் படியில் எழுதிய முடிவுகளில் எது பழைய காயத்தைத் தொடுகிறது என்று அறிவதற்காக. அத்தகைய விடயங்களுக்குத் தனியான, மெதுவான ஒரு தடம் வேண்டும். அவற்றை மற்றவற்றோடு ஒரே ஆவணத்தில் கட்டினால், கட்டணம் பற்றிய ஒரு பந்தி வறட்சி ஒதுக்கீடு பற்றிய பத்துப் பந்திகளையும் சேர்த்து மூழ்கடிக்கும். என் கருத்தில், முதற் கொள்கை ஆவணத்தில் கட்டணத்தைத் தொடாமல் பராமரிப்புப் பொறுப்பை மட்டும் தெளிவாகப் பிரிப்பதே விவேகம். பொருளியலாளர்கள் இதை ஏற்கமாட்டார்கள்.

5. பொறுப்பேற்கும் அலுவலகத்தையும் ஆளையும் நிர்ணயித்தல்

ஆலோசகர்கள் எங்கே அமர்வார்கள் என்பது சிறு விடயம் போலத் தோன்றும். தனியாக வாடகைக்கு எடுத்த அலுவலகத்தில் அவர்கள் அமர்ந்தால், அமைச்சின் உத்தியோகத்தர்கள் விருந்தினர்களாக வந்து போவார்கள். பணி முடிந்ததும் கோப்புகளும் அவர்களோடு போய்விடும். இருக்கை அமைச்சிலோ, பௌத்தாலோக மாவத்தையிலுள்ள நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ இருக்க வேண்டும். எது என்பதில் ஒரு சிக்கல் உண்டு: திணைக்களத்தில் வைத்தால் கமநல, மகாவலி, மாகாணத் தரப்புகள் அதைத் திணைக்களத்தின் கொள்கையாகவே பார்க்கும்; அமைச்சில் வைத்தால் அடுத்த அமைச்சு மாற்றத்தில் இடம்பெயர வேண்டிவரும். அமைச்சில் வைத்து, செயலகப் பணியைத் திணைக்களத்தின் நிரந்தர உத்தியோகத்தரிடம் கொடுப்பது ஓரளவு பாதுகாப்பானது.

முழுநேரப் பொறுப்பாளர் ஒருவர் பெயர் குறிப்பிட்டு, மற்றக் கடமைகளிலிருந்து விடுவிக்கப்பட வேண்டும். “மேலதிகக் கடமையாக” நியமிக்கப்படுபவரால் இது ஆகாது. வெள்ளம் வந்தால், அணை உடைப்பெடுத்தால், அவர் தன் உண்மையான வேலைக்குப் போய்விடுவார், போகவும் வேண்டும்.

வழிகாட்டல் குழுவில் திறைசேரி, விவசாயம், கமநலம், மகாவலி, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மின்சாரத் துறை, நிலத்தடி நீருக்கான நீர்வளச் சபை, மாகாண நீர்ப்பாசனப் பணிப்பாளர்கள் ஆகியோர் இருக்க வேண்டும். வழக்கமான பிழை, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வெவ்வேறு பிரதிநிதி வருவதை அனுமதிப்பது. பெயர் குறிப்பிட்ட நியமனமும் பெயர் குறிப்பிட்ட பதிலாளும் கடிதமூலம் கேட்டுப் பெறப்பட்டால்தான், இரண்டாம் கூட்டம் முதற் கூட்டத்தின் தொடர்ச்சியாக இருக்கும்.

6. பணி வரையறையை எழுதுதல்

இப்போதுதான் பணி வரையறைக்கு வருகிறோம். மேலுள்ள படிகள் ஒழுங்காக முடிந்திருந்தால் இது விரைவில் எழுதிவிடக்கூடியது.

ஒவ்வொரு வெளியீடும் ஒரு முடிவோடு கட்டப்பட வேண்டும். “துறைசார் நிலைமை அறிக்கை” என்று எழுதாதீர்கள். “வறட்சிப் பருவ ஒதுக்கீட்டுக்கான மூன்று மாற்றுவழிகளும், ஒவ்வொன்றிலும் யார் எவ்வளவு இழப்பார் என்ற கணிப்பும், வழிகாட்டல் குழு தெரிவு செய்யத்தக்க வடிவில், இருபது பக்கங்களுக்குள்” என்று எழுதுங்கள். பக்க எல்லை முக்கியம். முந்நூறு பக்க அறிக்கையைச் செயலாளர் வாசிக்கப்போவதில்லை. அதன் நிறைவேற்றுச் சுருக்கத்தை மட்டும் வாசிப்பார், சுருக்கமோ பெரும்பாலும் அவசரத்தில் எழுதப்பட்டிருக்கும்.

நிபுணர் தெரிவில், குழுத்தலைவர் வெளிநாட்டவராக இருக்க வேண்டும் என்ற எழுதப்படாத வழக்கம் ஒன்று நிலவுகிறது. நீர்ப்பாசனச் சட்டம், பொதுநிதி, மாகாண நிர்வாகம் ஆகியவற்றை அறிந்த உள்நாட்டவர் தலைமை தாங்கி, வெளிநாட்டு நிபுணர்கள் குறுகிய காலத்துக்குக் குறிப்பிட்ட கேள்விகளோடு வந்து போவது நன்றாக நடக்கும். பொறியியலாளர்கள் மட்டும் நிறைந்த குழு மற்றொரு பொறி. பொதுநிதி நிபுணர், சட்டவரைஞர், நிலத்தடி நீர் அறிந்தவர், விவசாயிகளோடு பேசிப் பழகிய சமூகவியலாளர் ஆகியோரின் நாட்களைக் குறைத்து, மாதிரிக் கணிப்புகளுக்கு நாட்களைக் கூட்டுவது எங்கும் காணும் தவறு.

மொழியைப் பணி வரையறையிலேயே கட்டாயமாக்குங்கள். வரைவுகள் ஆங்கிலத்தில் முடிந்த பின் இறுதியில் மொழிபெயர்க்கலாம் என்று விட்டால், சிங்களத்திலும் தமிழிலும் வாசிப்பவர்கள் கருத்துச் சொல்லும் காலம் கடந்த பிறகே ஆவணத்தைக் காண்பார்கள். மாற்றுவழிகள் பற்றிய குறிப்புகளே மும்மொழியிலும் வர வேண்டும். அதற்கான பணமும் நாட்களும் ஆரம்ப வரவு செலவிலேயே இருக்க வேண்டும். தமிழ்ப் பிரதியை நீர்ப்பாசனம் தெரிந்த ஒருவர் சரிபார்க்க வேண்டும். வயல் தெரியாத மொழிபெயர்ப்பாளர் கையில், மேலதிக நீரை வெளியேற்றும் வான்கதவும் வாய்க்காலுக்கு நீர் விடும் துருசும் ஒன்றாகிவிடும்.

7. தரவு

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். பாசனப் பரப்பு பற்றி ஒவ்வொரு நிறுவனத்திடமும் ஓர் எண் இருக்கும், அவை ஒத்துப்போகா. எல்லாவற்றையும் இணக்கப்படுத்திய பின்பே கொள்கை என்று காத்திருந்தால் பணிக்காலம் முழுவதும் தரவுப் பணியாகிவிடும். எந்த முடிவுக்கு எந்த எண் வேண்டும், அது எவ்வளவு பிழையைத் தாங்கும் என்று கேளுங்கள். நாட்டின் நீர்ப் பயன்பாட்டில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் விவசாயத்துக்கே செல்கிறது என்ற அளவிலான அறிவே பல முடிவுகளுக்குப் போதும். பராமரிப்புச் செலவு மட்டும் விதிவிலக்கு. அதற்குத் திட்டம் திட்டமாக உண்மைச் செலவு வேண்டும், ஏனெனில் திறைசேரி அதைத்தான் கேட்கும்.

8. நாட்காட்டியைப் போகங்களோடு பொருத்துதல்

கொடையாளரின் நாட்காட்டி நிதியாண்டைப் பின்பற்றும். விவசாயியின் நாட்காட்டி மழைக்காலச் செய்கையான காலபோகத்தையும் சிறுபோகத்தையும் பின்பற்றும். வடக்கிலும் கிழக்கிலும் காலபோக அறுவடை நடக்கும் தை, மாசி மாதங்களில் கலந்துரையாடல் வைத்தால், வருபவர்கள் வயலில் வேலையில்லாதவர்களாகவே இருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழையும் வெள்ளமும் பொறியியலாளர்களைக் களத்தில் நிறுத்திவிடும்.

அதற்குப் பதிலாகப் போகத் தொடக்கத்தில் நடைபெறும் பயிர்ச்செய்கைக் கூட்டங்களுக்குக் குழு செல்ல வேண்டும், பேசுவதற்காக அல்ல, கவனிப்பதற்காக. அரசாங்க அதிபர் தலைமையில் நடைபெறும் அந்தக் கூட்டத்தில் பொறியியலாளர் எழுந்து குளத்தின் நீர்மட்டத்தை அடியிலும் இருப்பை ஏக்கர் அடியிலும் வாசிப்பார். இத்தனை ஏக்கருக்குத்தான் நீர் போதும் என்பார். உடனே பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, சென்ற ஆண்டு இதே மட்டத்தில் எவ்வளவு விதைத்தோம் என்பார். முதல் நீர் விடும் திகதி, கடைசி நீர் நிறுத்தும் திகதி, கால்நடைகளை அகற்றும் திகதி, எந்த வாய்க்காலுக்கு இம்முறை முன்னுரிமை என்று ஒவ்வொன்றும் பேரம் பேசப்பட்டுப் பதிவாகும். நாட்டின் நீர் ஒதுக்கீட்டுக் கொள்கை உண்மையில் எழுதப்படும் அறை அதுதான். ஒரு காலபோகக் கூட்டத்தையும் ஒரு சிறுபோகக் கூட்டத்தையும் காணாத குழு வரைவுக்குப் போகக்கூடாது; ஆகவே பணிக்காலம் ஓராண்டுக்குக் குறையக்கூடாது.

9. கலந்துரையாடல்களைத் திட்டமிடுதல்

கொழும்பு விடுதியொன்றில் ஒருநாள் செயலமர்வு வைத்து, வருகைப் பதிவேட்டைப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட்டால் கலந்துரையாடல் முடிந்ததாகக் கொள்ளும் பழக்கம் பரவலாக உண்டு. அங்கே வருபவர்கள் ஏற்கனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சொல்வதும் ஏற்கனவே தெரிந்தது.

மாவட்டங்களில் பேசும்போது, வரைவை வாசித்துக் காட்டிக் கருத்துக் கேட்பதைவிட, முரண்பாடொன்றை முன்வைத்துக் கேட்பதே பயன்தரும். இரணைமடு நீரின் ஒரு பகுதியை யாழ்ப்பாணக் குடிநீருக்கு எடுக்கும் திட்டம் 2010களில் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பைச் சந்தித்தது. ஆறில்லாத குடாநாட்டில் சுண்ணாம்புக்கல் நிலத்தடி நீரை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் நியாயம் இருந்தது. சிறுபோகத்தில் எல்லோருக்கும் நீர் கிடைக்காமல் மாறிமாறி விதைக்கும் இரணைமடு விவசாயிகளுக்கும் நியாயம் இருந்தது. இறுதியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் அமைந்தது. இப்படியான நிலையில் முன்கூட்டியே எந்த விதி இருந்திருந்தால் இரு தரப்பும் ஏற்றிருப்பார்கள் என்று கேளுங்கள். வரும் விடைகளில் கொள்கை வாக்கியங்கள் ஒளிந்திருக்கும்.

கமக்காரர் அமைப்பின் தலைவரோடும் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையோடும் மட்டும் பேசுவது மற்றொரு குறை. வாய்க்காலின் வால்பகுதியில் வயல் உள்ளவர்கள், குத்தகைக்குச் செய்பவர்கள், காணி கணவர் பெயரிலோ தந்தை பெயரிலோ இருப்பதால் அமைப்பில் குரலற்றுப் போகும் பெண்கள் ஆகியோரைத் தனித்தனியாகச் சந்திக்க வேண்டும். தலைப்பகுதியாரும் வால்பகுதியாரும் ஒரே கூட்டத்தில் இருந்தால், நீர்ப்பங்கீட்டின் குறைகளை வால்பகுதியார் வாய்விட்டுச் சொல்வது அரிது.

சொன்னவற்றுக்கு என்ன நடந்தது என்பதை ஒரு பக்கக் குறிப்பாக அவர்களுக்கே திருப்பி அனுப்புங்கள். ஏற்கப்படாதவற்றுக்குக் காரணமும் எழுதுங்கள்.

10. பணமும் ஒப்புதல் வழியும்

அமைச்சின் முன்மொழிவு முதலில் தேசிய திட்டமிடல் திணைக்களத்துக்கும், பின்னர் கொடையாளருக்கான கோரிக்கையாக வெளிநாட்டு வளங்கள் திணைக்களத்துக்கும் செல்லும். கொடையாளரோடு எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு இவ்விரண்டுக்கும் கடைசியில் தெரிவிப்பது காலத்தை வீணாக்கும். முன்மொழிவின் முதற் சுருக்கமான கருத்துக் குறிப்பு நிலையிலேயே அவர்களைச் சந்தியுங்கள்.

கொள்கை உதவியைப் பெரிய கடன்திட்டமொன்றின் ஒரு கூறாக ஒட்டிவைப்பதைத் தவிர்க்கலாம். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் மீளச் செலுத்துதலை இடைநிறுத்தியபோது இருதரப்புக் கடனில் நடந்த பல திட்டங்கள் முடங்கின. அவற்றுக்குள் வைக்கப்படும் எந்தச் சிறு கூறும் சேர்ந்தே முடங்கும். மேலும், அணைகட்டும் திட்டத்துக்குள் எழுதப்படும் கொள்கை அந்த அணையை நியாயப்படுத்தவே எழுதப்பட்டது என்று சந்தேகிக்கப்படும். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் தொழினுட்ப ஒத்துழைப்பு நிகழ்ச்சித்திட்டம் போன்ற சிறு நன்கொடைகள், ஐந்து லட்சம் டொலர் உச்சவரம்புக்குள், இத்தகைய பணிக்குப் போதுமானவை.

11. வரைவிலிருந்து அமைச்சரவைப் பத்திரம் வரை

ஆலோசகர் ஒப்படைக்கும் வரைவு கொள்கையாவதற்கு இன்னும் நீண்ட வழி இருக்கிறது. அமைச்சரவைப் பத்திரத்துக்கு நிதி அமைச்சரும் தொடர்புடைய மற்ற அமைச்சர்களும் அவதானிப்புகளைத் தருவார்கள். அவற்றுக்குப் பதிலெழுத வேண்டிய வேளையில் ஆலோசகர்களின் ஒப்பந்தம் முடிந்து, அமைச்சில் யாருக்கும் கணிப்புகளின் அடிப்படை தெரியாத நிலை வருவதே இப்பணிகள் தேங்கிப்போகும் வழக்கமான இடம்.

ஆகவே மொத்த ஆலோசகர் நாட்களில் ஒரு பகுதியை வரைவுக்குப் பிந்திய காலத்துக்கென ஒதுக்கி வையுங்கள். திறைசேரியின் கேள்விகளை ஊகித்து, ஒவ்வொரு கொள்கை வாக்கியத்துக்கும் ஆண்டுச் செலவு எவ்வளவு, எந்தச் செலவினத் தலைப்பில், ஏற்கனவே உள்ள ஒதுக்கீட்டிலிருந்தா புதிதாகவா என்ற அட்டவணையைப் பத்திரத்தோடு இணையுங்கள். மாகாணத் திணைக்களங்கள் செய்ய வேண்டியவற்றுக்கான பணம் நிதி ஆணைக்குழுவின் பரிந்துரைகளோடு சேர்ந்துதான் வரும் என்பதால், அவ்வாணைக்குழுவிடமும் அட்டவணையை முன்கூட்டியே காட்டுங்கள்.

கொடுப்பனவு அட்டவணையையும் இதற்கேற்ப அமைக்க வேண்டும். வழக்கமாக இறுதிக் கொடுப்பனவு இறுதி அறிக்கையைச் சமர்ப்பித்ததும் விடுவிக்கப்படுகிறது. அதை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அமைச்சுக்களின் அவதானிப்புகளுக்கான பதில்கள் செயலாளரால் ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்னும், மறுபாதியைக் கணிப்புக் கோப்புகளும் கூட்டக் குறிப்புகளும் மும்மொழிப் பிரதிகளும் பொறுப்பான உத்தியோகத்தரின் கணினியில் திறந்து காட்டப்பட்டுக் கையேற்கப்பட்ட பின்னும் விடுவிக்கும்படி ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அமைச்சரவை அங்கீகாரத்தையே கொடுப்பனவின் நிபந்தனையாக்க வேண்டாம். அது ஆலோசகரின் கையில் இல்லை, அப்படி எழுதினால் நல்ல நிறுவனங்கள் விலைமனுவே சமர்ப்பிக்கமாட்டா.